எச்சிலில் இதயத்தைத் தேடியவர்கள்

1910 அக்டோபரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தில், லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் ஓர் உரை நிகழ்த்தினார். அன்றைய பல் மருத்துவர்கள் தங்கள் கைத்திறனின் உச்சம் என்று பெருமைப்பட்ட தங்க உறைகளையும் தங்கப் பாலங்களையும் அவர் அதில் ஒரு பிடி பிடித்தார். அழுகிய வேரைச் சுத்தம் செய்யாமல் அதன்மேல் பொன் வேய்கிறார்கள். அடியில் தேங்கும் சீழ், சோகை, வயிற்றுக் கோளாறு, தீராக் காய்ச்சல் என்று உடலெங்கும் கேடு விளைக்கிறது என்பது அவர் வாதம். இதையே 1900இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருந்தார். அவருக்கும் முன்னால், பெர்லினில் ராபர்ட் கோக்கின் நுண்ணுயிரியலைப் பற்களுக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் வில்லோபி மில்லர், உடலின் தொற்றுகளுக்கு வாய் ஓர் ஊற்றுக்கண் என்று 1891இல் எழுதிவிட்டார். மில்லர் பேசியது பெரும்பாலும் பல் மருத்துவர்களிடம். ஹன்டருக்குப் பிறகுதான் பொது மருத்துவம் வாயைத் திரும்பிப் பார்த்தது. இன்று ஒருவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிய நீரைக் கொண்டு அவருடைய இரத்தக்குழாய்களின் நிலையை அறிய முடியுமா என்று ஆய்வகங்கள் கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு முன்கதை உண்டு. அது அவ்வளவு பெருமைக்குரிய கதை அல்ல.

ஹன்டர் மூட்டிய தீயை அமெரிக்காவில் ஊதிப் பெருக்கியவர் சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ். உடலின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் தொற்று, தொலைவில் உள்ள உறுப்பைத் தாக்கும் என்ற 'மையத் தொற்று' கோட்பாடு 1910களில் மருத்துவக் கல்லூரிகளில் பாடமாயிற்று. விளைவு, பல் பிடுங்கும் திருவிழா. மூட்டுவலிக்குப் பல், சிறுநீரக நோய்க்குப் பல், காரணம் புரியாத களைப்புக்கும் பல். நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையை 1907 முதல் நடத்திய ஹென்றி காட்டன், மனநோய்க்கே பல் சீழ்தான் காரணம் என்று முடிவுகட்டி நோயாளிகளின் பற்களைக் களைந்தார். பல்லில் தீராதபோது உள்நாக்குச் சதை, பிறகு குடல் என்று கத்தி உள்ளே போனது. உயிர்கள் போயின. பெருவாரியானோர் குணமடைந்ததாக அவர் சொன்ன கணக்கை மட்டும் பலர் நம்பினார்கள். கோட்பாடு ஆட்டம் கண்டது 1930களின் இறுதியில்தான். அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் சீசில் ஒரு காலத்தில் இதே கோட்பாட்டை ஆதரித்தவர். அவரே 1938இல், முடக்குவாத நோயாளிகள் 200 பேரின் பதிவுகளை வரிசையாகப் பார்த்தார். பல் பிடுங்கப்பட்ட 52 பேரில் 47 பேருக்கு ஒரு பயனும் இல்லை. 1940இல் ரைமன், ஹேவன்ஸ் இருவரும் கோட்பாட்டின் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, அதில் எதுவும் தேறவில்லை என்று எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் எத்தனை கோடி நல்ல பற்கள் வீணாகப் போயின என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

இந்தக் கதையை வழக்கமாக, அந்தக்கால அறியாமை என்றும் இந்தக்கால அறிவியல் என்றும் இரண்டாக வெட்டிச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாய்க்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு என்று ஹன்டர் நினைத்ததில் பிழை இல்லை. ஓக்கெல், எலியட் இருவரும் 1935இல் பல் பிடுங்கப்பட்ட 138 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 84 பேரின் இரத்தத்தில் வாயின் பாக்டீரியா ஓடுவதைக் காட்டினார்கள். இதய வால்வில் தொற்று ஏற்படும் நோய்க்கு அது ஒரு வழி என்பது இன்றுவரை நிற்கும் உண்மை. ஹன்டர் தலைமுறையின் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. வாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியபிறகுதான் விசாரணையையே தொடங்கினார்கள். தண்டனையை முதலில் நிறைவேற்றிவிட்டுச் சாட்சியத்தைப் பிறகு தேடினார்கள். வாயை முதலில் சாட்சியாக அழைத்திருந்தால், அதாவது 'உடலின் மற்ற பாகங்களில் நடப்பதைப் பற்றி உன்னிடம் என்ன தடயம் இருக்கிறது' என்று மட்டும் கேட்டிருந்தால், இந்தத் துறை இத்தனை வழிதவறியிருக்காது. உமிழ்நீர்ச் சோதனைகளின் வரலாற்றை இந்தக் கோணத்தில் வாசித்தால், எங்கே வெற்றி வந்தது, எங்கே வரவில்லை என்பது விளங்கும்.

முதலில் அந்த நீரைப் பற்றி. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும் உமிழ்நீரில் 99 விழுக்காடு தண்ணீர்தான். அது வரும் குழாய்களை ஐரோப்பியர் கண்டது 17ஆம் நூற்றாண்டில்: கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாயை 1656இல் தாமஸ் வார்ட்டன் விவரித்தார், காதடிச் சுரப்பியின் குழாயை 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத்தலையை அறுத்தபோது நீல்ஸ் ஸ்டென்சன் கண்டார். 1683இல் லேவன்ஹூக் தன் பற்காரையைச் சுரண்டி உருப்பெருக்கியின் கீழ் வைத்து, நெளியும் சிற்றுயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்களைத் தெரியாதவர் குறைவு. ஆனால் சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று இத்தனை பேர் ஆராய்ந்தும், சுரந்த நீரைப் பார்த்து நோயைச் சொல்லப் பெரிதாக யாரும் முனையவில்லை. சிறுநீருக்குக் கிடைத்த மரியாதை எச்சிலுக்குக் கிடைக்கவில்லை. நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்றுதான் வரிசை போகிறது. சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு அது பரவும் விதத்தைக் கவனித்த மருத்துவர்கள், நாக்கைப் பார்த்தார்களே ஒழிய அதன்மேல் ஊறும் நீருக்குத் தனி இடம் கொடுக்கவில்லை.

எச்சிலைத் தடயமாகக் கொண்ட பழைய மரபு ஒன்று மருத்துவத்துக்கு வெளியே, வழக்காடலில் இருக்கிறது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவரை அரிசியை மென்று துப்பச் சொல்லும் முறை தர்மசாத்திர நூல்களில் தெய்வச் சோதனைகளுள் ஒன்றாக வருகிறது. அச்சத்தில் வாய் வறளும் என்ற கவனிப்பு அதன் அடியில் இருந்திருக்கலாம். நிரபராதிக்கும் அச்சம் வரும் என்பதுதான் அதன் கோளாறு. இதைப் பழைய மூடத்தனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், இதே கோளாறு மாரடைப்புச் சோதனையில் மறுபடி தலைகாட்டும்.

எச்சில் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கத்தால்தான் மருத்துவம் அதை ஒதுக்கியது என்று சிலர் சொல்வதுண்டு. மலத்தையும் சீழையும் கையாண்டவர்கள் எச்சிலுக்குக் கூசினார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் இன்னும் எளிது: அளக்க முடியவில்லை. இரத்தத்தில் உள்ள பல பொருள்கள் உமிழ்நீரிலும் உண்டு, ஆனால் நூற்றில், ஆயிரத்தில் ஒரு பங்காக. அவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்கும் கருவி 20ஆம் நூற்றாண்டின் நடுவரை இல்லை. நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் கடைசியில் உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்புப்பொருள் அளவை முறைதான் அந்தக் கதவைத் திறந்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் கார்டிசால் போன்ற ஹார்மோன்களை எச்சிலில் அளப்பது வழக்கமாயிற்று. ஊசி குத்தினாலே ஏறிவிடும் ஹார்மோன் கார்டிசால். அதைக் குத்தாமல் அளப்பது வசதி என்பதைத் தாண்டி, அளவையே மேலும் நம்பத்தக்கதாக்கியது. இரத்தத்தைவிட எச்சில் உயர்ந்து நின்ற அரிய இடங்களில் இது ஒன்று.

கருவி ஒரு பாதி. இரத்தத்தில் உள்ளது வாய்க்குள் எந்த வழியாக வருகிறது என்பது மறுபாதி. 1958இல் ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் நீல்ஸ் பிரில், பூ கிராஸ் இருவரும் நாய்களின் உடலில் ஒளிரும் சாயம் ஒன்றைச் செலுத்தி, பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான நுண்ணிடுக்கில் வடிதாள் துண்டுகளைச் செருகிப் பார்த்தார்கள். சாயம் தாளில் வந்து சேர்ந்தது. ஈறு ஒரு மூடிய சுவர் அல்ல, இரத்தக்குழாய்களிலிருந்து கசியும் நீர் அதன் வழியே வாய்க்குள் வந்துகொண்டே இருக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று. ஆக, வாய்நீர் என்று நாம் துப்புவது ஒற்றைப் பொருள் இல்லை. சுரப்பிகளின் சாறு, ஈற்றிடுக்கின் கசிவு, உதிர்ந்த செல்கள், வெள்ளையணுக்கள், பாக்டீரியா, சாப்பாட்டு மிச்சம் எல்லாம் சேர்ந்த கலவை. கொழுப்பில் கரையும் சிறு ஹார்மோன்கள் சுரப்பியின் செல்களை ஊடுருவி வந்துவிடும். எடை மிகுந்த புரதங்கள் பெரும்பாலும் ஈற்றிடுக்கு வழியாகத்தான் வரவேண்டும். ஈறு எவ்வளவு புண்பட்டிருக்கிறதோ அவ்வளவு கதவு திறந்திருக்கும். பின்னால் வந்த சிக்கல்கள் அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றன.

1992இல் ஃபுளோரிடாவில் உமிழ்நீரை நோயறியும் நீராகப் பார்க்கும் மாநாடு ஒன்று நடந்து, அதன் கட்டுரைகளை மறுவருடம் நியூயார்க் அறிவியல் அகாதமி தொகுத்து வெளியிட்டது. 1994இல் வாய்நீரில் எச்.ஐ.வி. எதிர்ப்புப்பொருளைத் தேடும் முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 2004இல் ஈற்றோரம் ஒரு பட்டையைத் தடவி இருபது நிமிடத்தில் விடை காணும் சோதனையும், 2012இல் அதையே வீட்டில் செய்துகொள்ளும் வடிவமும் வந்தன. இந்த வெற்றியைக் காட்டித்தான், இதய நோய்க்கும் இப்படி ஒரு பட்டை வரும் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை உண்டு. எச்.ஐ.வி. சோதனை கேட்பது இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வி. எதிர்ப்புப்பொருள் ஈற்றில் கொஞ்சம் கசிந்தாலும் நிறையக் கசிந்தாலும் விடை மாறாது. இரத்தக்குழாய் நோயில் கேட்பது எவ்வளவு என்ற கேள்வி. அங்கே கசிவின் அளவு விடையையே மாற்றிவிடும்.

இரத்தக்குழாய்ப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். தமனிச் சுவர் தடிப்பதை ஒரு வகை அழற்சியாகவே 1850களில் ருடால்ஃப் பிர்க்கோ பார்த்தார். 1913இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கொலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டித் தமனியில் கொழுப்புப் படிவை உண்டாக்கிக் காட்டியதிலிருந்து, கவனம் கொழுப்பின்மேல் போய்விட்டது. அழற்சி என்ற பழைய எண்ணம் திரும்பிவர நூற்றாண்டின் கடைசிவரை ஆயிற்று. தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோயே என்று சியாட்டிலின் ரஸ்ஸல் ராஸ் 1999இல் தொகுத்துரைத்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு பாஸ்டனில் பால் ரிட்கர் குழு, உடல்நலத்தோடிருந்த ஆண் மருத்துவர்களிடம் முன்னரே சேமித்த இரத்தத்தைச் சோதித்திருந்தது. பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இரத்தக்கட்டு வந்த 543 பேரையும் வராத 543 பேரையும் ஒப்பிட்டது. சி-ரியாக்டிவ் புரதம் மிகுந்திருந்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ மும்மடங்கு. 1930இல் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டெடுத்து, வெறும் காய்ச்சல் அடையாளமாக அறுபது ஆண்டுகள் கிடந்த புரதம் அது. கல்லீரல் அதை எந்த அழற்சிக்கும் சுரக்கும், எங்கே அழற்சி என்று அது சொல்லாது. நல்ல சாட்சி, ஆனால் முகவரி தெரியாத சாட்சி.

வாயும் இதயமும் மறுபடி சந்தித்தது ஃபின்லாந்தில். 1989இல் கிம்மோ மட்டிலாவும் கூட்டாளிகளும் மாரடைப்பு வந்த 100 பேரின் வாயையும் வராத 102 பேரின் வாயையும் ஒப்பிட்டு, மாரடைப்பு வந்தவர்களின் பல் நலம் மோசம் என்று கண்டார்கள். ஹன்டர் காலத்தில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது: ஒப்பீட்டுக் குழு. 1993இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுத் தரவில் 9,760 பேரை எடுத்துக்கொண்ட டிஸ்டெஃபானோ குழு, ஈறுநோய் உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் ஆபத்து 25 விழுக்காடு கூடுதல் என்றது. 2000ஆம் ஆண்டில், பக்கவாதத்தைத் தடுக்க அறுத்தெடுத்த 50 கழுத்துத் தமனிப் படிவுகளில் 44 விழுக்காட்டில் ஈறுநோய்ப் பாக்டீரியாவின் மரபுத்தடம் கிடைத்தது. அதே ஆண்டு ஹுயோல் என்பவரின் குழு, டிஸ்டெஃபானோ பயன்படுத்திய அதே தேசியத் தரவை வேறு விதமாக அலசி, நம்பத்தக்க தொடர்பு எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. புகை பிடிப்பவருக்கு ஈறும் கெடும், தமனியும் கெடும். வறுமையில் இருப்பவருக்குப் பல் வைத்தியமும் கிடைக்காது, இதய வைத்தியமும் கிடைக்காது. இந்த மூன்றாம் காரணங்களைக் கழித்தபிறகு மிச்சம் எவ்வளவு என்பதே சண்டை. கழிக்கும் விதத்தைப் பொறுத்து விடை மாறுமென்றால், மிச்சம் அப்படியொன்றும் மலையளவு இருக்கமுடியாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய தவறு புது உடையில் வந்ததும் அதே காலத்தில்தான். தமனிப் படிவில் கிளமிடியா என்ற பாக்டீரியா தென்பட்டதால், அதைக் கொன்றால் மாரடைப்பு குறையும் என்று பெரிய நம்பிக்கை பிறந்தது. இந்த முறை மருத்துவம் பொறுமை காட்டியது, சோதித்துப் பார்த்தது. இதயத் தமனி நோயுள்ள 4,012 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் ஒருமுறை அசித்ரோமைசின் ஓராண்டு கொடுத்தார்கள். 2005இல் வந்த விடை: பயன் இல்லை. ஹன்டர் காலத்தில் இப்படியொரு சோதனை நடந்திருந்தால் எத்தனை வாய்கள் தப்பியிருக்கும்! ஈறுநோய் விஷயத்தில் படம் அவ்வளவு தெளிவில்லை. 2007இல் லண்டனில் மவுரிசியோ டொனெட்டி குழு, கடும் ஈறுநோயுள்ள 120 பேரில் ஒரு பகுதியினருக்குத் தீவிர ஈற்றுச் சிகிச்சை செய்து, கையின் தமனி எவ்வளவு விரிகிறது என்று அளந்தது. மறுநாள் தமனியின் நிலை மோசமாயிற்று. ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாயிற்று. ஈற்று அழற்சி தமனியை எட்டுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அப்போது இல்லை. ஆனால் தமனி விரிவது வேறு, மாரடைப்பு குறைவது வேறு. 2012இல் அமெரிக்க இதயக் கழகம் இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, தொடர்பு உண்டு, மற்ற காரணங்களைக் கழித்தாலும் உண்டு, ஆனால் ஈறுநோய்தான் காரணம் என்பதற்கு நிரூபணம் இல்லை என்று அறிவித்தது. வாயைக் கூண்டிலிருந்து இறக்கிச் சாட்சி மேடைக்கு அழைத்த அறிக்கை என்றே அதை நான் வாசிக்கிறேன்.

சாட்சியை விசாரிக்கும் வேலை ஆய்வகங்களில் அதற்குள் தொடங்கியிருந்தது. 2008இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து, மனித உமிழ்நீர்ச் சுரப்பிகளின் சாற்றில் 1,166 புரதங்களைப் பட்டியலிட்டன. டெக்சாசில் ஜான் மெக்டெவிட் குழு ஒரு சிறு சில்லில் எச்சிலின் சி-ரியாக்டிவ் புரதத்தை அளக்கும் முறையை 2005இல் வெளியிட்டது. பிறகு கென்டக்கி ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் மாரடைப்பு வந்த 41 பேரின் எச்சிலையும் நலமான 43 பேரின் எச்சிலையும் 21 புரதங்களுக்காகச் சோதித்தது. ஈ.சி.ஜி.யோடு எச்சிலின் சில புரதங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஈ.சி.ஜி. மட்டும் தருவதைவிடத் தெளிவான விடை கிடைத்தது. நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மாரடைப்புகளில் முதல் ஈ.சி.ஜி. தெளிவாக எதையும் காட்டாமல் போகக்கூடும் என்பதை அறிந்த மருத்துவர்களுக்கு இது சின்னச் செய்தி அல்ல. 2020இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இதயத் தசைச் சேதத்தின் நேரடி அடையாளமான ட்ரோபோனினையே எச்சிலில் தேடினார்கள். அப்படியே சோதித்த எச்சிலில் நூற்றுக்கு 6 பேரிடம்தான் அது சிக்கியது; மற்ற மிகுபுரதங்களை நீக்கிப் பக்குவப்படுத்திய எச்சிலில் 84 பேரிடம். நலமானவர்களாகச் சேர்க்கப்பட்டோர் அந்த ஆய்வில் வெறும் 10 பேர்.

இங்கே மறுப்பாளர் எழுந்து கேட்கும் கேள்வி நியாயமானது. எச்சிலில் அழற்சிப் புரதம் கூடியிருந்தால், அது தமனியிலிருந்து வந்ததா, ஈற்றிலிருந்து வந்ததா? ஈறு புண்பட்டால் கதவு திறக்கும் என்று மேலே சொன்னேன். அப்படியானால் தமனி நோயே இல்லாத ஒருவர், ஈற்றில் இரத்தம் கசிவதாலேயே நோயாளியாகக் கணக்கிடப்படுவார். எச்சில் ஊறும் அளவும் நாள் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுபோகிறது என்று கனடாவின் காலின் டாஸ் 1972இலேயே காட்டினார். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் வாயை வறளவைக்கும். நெஞ்சு வலியோடு வருபவரின் வாய் அச்சத்தாலேயே உலர்ந்திருக்கும். குற்றம் சாட்டப்பட்டு அரிசி மென்றவரின் கதைதான் மறுபடியும். உலர்ந்த வாயில் ஊறிய கொஞ்ச நீரில் எல்லாப் புரதமும் செறிந்து தெரியும். இந்த மறுப்பில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில், ஊசியில் இரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்க்கும் வசதி இருக்கும் இடத்தில், எச்சிலுக்கு வேலை இல்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பந்தயத்தில் எச்சிலை ஓடவிட்டது, அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டதாகும்.

சரியான கேள்வி எது என்பதற்கு 2023இல் கனடாவிலிருந்து வந்த ஒரு சிறு ஆய்வு குறிப்புக் கொடுக்கிறது. கால்கரியின் மவுன்ட் ராயல் பல்கலைக்கழகத்தாரும் டொராண்டோ பல் மருத்துவ ஆய்வாளர்களும் 18 முதல் 30 வயதுக்குள் உள்ள, புகை பிடிக்காத, நலமான 28 பேரை எடுத்துக்கொண்டார்கள். சில மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருந்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை வாய் கொப்பளித்து, பிறகு உப்புநீரில் கொப்பளித்துத் துப்பவேண்டும். அந்த நீரில் உள்ள வெள்ளையணுக்களை எண்ணினார்கள். பிறகு இரண்டு விதமாகத் தமனியைச் சோதித்தார்கள்: நாடியலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது தமனியின் விறைப்பைச் சொல்லும், கையில் பட்டை கட்டி இறுக்கித் தளர்த்தியபின் தமனி எவ்வளவு விரிகிறது என்பது அதன் உட்சுவரின் நலத்தைச் சொல்லும். வெள்ளையணு மிகுந்தவர்களின் தமனி குறைவாக விரிந்தது. விறைப்பில் வேறுபாடு தெரியவில்லை. 28 பேரை வைத்து யாரும் எந்தச் சட்டமும் எழுதமுடியாது. எனக்குப் பிடித்தது அந்த ஆய்வின் கேள்விதான். மற்றவர்கள் ஈற்றுக் கசிவைக் கறையாக நினைத்து விலக்கப் பார்த்தார்கள். இவர்கள் அந்தக் கறையையே அளந்தார்கள். வாய்க்குள் வந்து குவியும் வெள்ளையணு, வாயின் அழற்சிச் சுமைக்கு நேர்ச் சாட்சி. அது எங்கிருந்து வந்தது என்று குழம்பவேண்டியதில்லை.

இதிலும் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. வாயில் அழற்சி, தமனியில் தளர்ச்சி, ஆகவே வாயைக் கழுவினால் தமனி தேறும் என்று தாவ மனம் துடிக்கும். வாயின் பாக்டீரியாவெல்லாம் எதிரி என்ற நினைப்பும் கூடவே வரும். 2013இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு அதற்குக் கடிவாளம் போடுகிறது. நலமான 19 பேர் ஏழு நாள் குளோர்ஹெக்சிடின் கலந்த நீரால் வாய் கொப்பளித்தார்கள். அவர்களின் இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. கீரையிலும் காய்களிலும் உள்ள நைட்ரேட்டை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து திரட்டி வாய்க்குள் விடுகின்றன. நாக்கின்மேல் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலுக்குள் போய்த் தமனிகளைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. கிருமியைக் கொன்றதில் அந்தச் சங்கிலி அறுந்தது. ஹன்டர் இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

இரத்தமே எடுக்க முடியும்போது எச்சில் எதற்கு என்ற இன்னொரு மறுப்பு உண்டு. இதற்கு மட்டும் என்னிடம் உறுதியான விடை இருக்கிறது. பல்வலி வந்தால் பல் மருத்துவரிடம் போகும் முப்பது வயதுக்காரர், இதயத்துக்காக எந்த மருத்துவரிடமும் போகமாட்டார். அந்தப் பல் மருத்துவர் நாற்காலியில் பத்து நொடி கொப்பளித்துத் துப்பியதை வைத்து, 'உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்' என்று அனுப்ப முடிந்தால், அந்தச் சோதனை தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கத் தேவையில்லை. ஆனால் அங்கேயும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: கால்கரியின் புகை பிடிக்காத இளைஞர்களிடம் தேர்ந்த அளவுகோல், வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வாய்களுக்கு அப்படியே பொருந்தாது. ஈற்றுப் புண் எங்கும் மலிந்த ஊரில் சராசரி வெள்ளையணு எண்ணிக்கையே வேறாக இருக்கும். நம் மக்களிடம் தனியாக அளந்து நமக்கான எல்லைக்கோட்டை வரையாமல் இப்படியொரு சோதனையை விற்கத் தொடங்கினால், பாதிப் பேரைக் காரணமின்றிப் பயமுறுத்திய பழி மிஞ்சும். பல் மருத்துவக் கல்லூரிகள் செய்யக்கூடிய வேலை இது. பெரிய கருவி வேண்டியதில்லை, உப்புநீரும் நுண்ணோக்கியும் பொறுமையும் போதும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எச்சிலைப் பார்த்து மாரடைப்பு வருமா என்று சொல்லிவிடுவதாக யாராவது விளம்பரம் செய்தால், எத்தனை பேரிடம், யாரோடு ஒப்பிட்டு, ஈறுநோயை எப்படிக் கழித்து அளந்தார்கள் என்று கேளுங்கள். ஈற்றில் இரத்தம் கசிந்தால் அதற்காகவே பல் மருத்துவரிடம் போங்கள், இதயத்தைச் சாக்காகத் தேடவேண்டாம். இரத்த அழுத்தத்தைப் பட்டை கட்டியும், சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் இரத்தம் எடுத்தும் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.